ஒரு முகத்தை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது?

1

ஏற்றுமதிக்குப் போகிற ஒரு பனியனுக்குக் கிடைக்கும் மன்னிப்பு, அதைச் செக்கிங் செய்கிற பெண்ணின் முகத்துக்குக் கிடைப்பதில்லை.

கணக்கோடே சொல்கிறேன். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் 'ஏ.க்யூ.எல்.' என்று ஒன்று சொல்வார்கள். ஒரு லாட்டில் எத்தனை குறை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கான அட்டவணை அது. அமெரிக்க ராணுவம் தன் கொள்முதலுக்காக உருவாக்கிய முறை, பிறகு உலகம் முழுக்கப் பரவி நம் ஊர் செக்கிங் டேபிள் வரை வந்துவிட்டது. 2.5 என்ற அளவை எடுத்துக்கொண்டால், 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டிலிருந்து 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். அந்த 125இல் 7 டேமேஜ் வரை இருந்தாலும் லாட் பாஸ். 8ஆவது வந்தால்தான் ஃபெயில். வாங்குகிறவர் கறாரானவர், காசு கொடுக்கிறவர். அவரே நூற்றுக்கு நூறு கேட்பதில்லை. மனிதக் கை பட்ட பொருளில் கொஞ்சம் பிசகு இருக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் ஆர்டரே கொடுக்கிறார்.

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் சாலையில் இருக்கிறது பொங்கலூர். சின்ன வெங்காயம், கோழிப்பண்ணை, விசைத்தறி, தூரத்தில் சுற்றுகிற காற்றாலை. காலையில் கம்பெனி வேன்கள் கிராமம் கிராமமாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போகும். அந்த வேன் ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் 22 வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், அவளைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செக்கிங் வேலை. ஓட்டை இருக்கிறதா, ஊசிக்கோடு விழுந்திருக்கிறதா, எண்ணெய்க்கறை பட்டிருக்கிறதா, பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் நாள் முழுக்கத் தேடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். சாயங்காலம் வேனில் ஏறி உட்கார்ந்ததும் போனின் முன்பக்க கேமராவைத் திறக்கிறாள். காலையிலிருந்து பழகிய அதே கண் இப்போது முகத்தின் மேல் போகிறது. மூக்குக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் துளைகள். நெற்றி பளபளவென்று எண்ணெய். கன்னமோ காய்ந்து இழுக்கிறது. இங்கே 7 வரைக்கும் பொறுத்துக்கொள்ளும் அட்டவணை எதுவும் இல்லை. ஒன்று தெரிந்தாலே ஃபெயில்.

முகத்துளைகளைச் சிறிதாகக் காட்ட ஆசைப்படுவது தவறா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. 'இதெல்லாம் ஒரு கேள்வியா, பொழப்பத்த வேலை' என்று சிலருக்குத் தோன்றும். விஷயம் சின்னதுதான். ஆனால் ஒருத்தி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தன்னைத்தானே டேமேஜ் பீஸாகப் பார்க்கிறாள் என்றால், அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று கேட்பது சின்ன விஷயம் ஆகாது.

2

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். மூக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தெரிகிற அந்தப் புள்ளிகளுக்கு விளம்பரத் தமிழ் வைத்திருக்கும் பெயர் 'சருமத் துளைகள்'. பேச்சில் 'போர்ஸ்'. நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: மயிர்க்கால். முடி ஊன்றி நிற்கிற கால்.

பழைய சொல் என்பதற்காக அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. உடற்கூறுப்படியும் அதுதான் சரியான சொல். வியர்வை வெளிவருகிற வாய்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. நாம் கண்ணாடியில் பார்ப்பது, முடி முளைக்கும் குழலும் அதோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியும் சேர்ந்து வெளியே திறக்கிற வாயை. உள்ளங்கையில் முடியும் கிடையாது, அந்தச் சுரப்பியும் கிடையாது. அதனால் அங்கே இந்தப் புள்ளிகளும் இல்லை. தலையிலும் முகத்திலும்தான் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. முகத்தின் முடி பூனைமுடியாக மெலிந்திருப்பதால் வாய் மட்டும் தனியாகக் கண்ணில் படுகிறது.

துளை என்று சொன்னால் அடைக்கத் தோன்றும். கால் என்று சொன்னால் அங்கே ஏதோ ஒன்று நிற்கிறது என்றாவது நினைவு வரும். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு பொருளை விற்கச் சுலபமாகிவிடுகிறது.

ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்று வீட்டிலும் சொல்வார்கள், பார்லரிலும் சொல்வார்கள். திறந்து மூடுவதற்கு அந்த வாயைச் சுற்றித் தசை எதுவும் இல்லை. மயிர்க்காலோடு ஒட்டிய ஒரு குட்டித் தசை உண்டு. குளிரிலும் பயத்திலும் முடியை நிமிர்த்துவது அதுதான். மயிர்க்கூச்செறிதல் என்று பக்தியில் பாடுவதும் அந்தத் தசையின் வேலையையே. அதற்கு வாயை மூடத் தெரியாது. ஆவி உள்ளிருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் இளக்கும், ஐஸ் வீக்கத்தைக் கொஞ்ச நேரம் அமுக்கும். அவ்வளவுதான். கதவே இல்லாத வாசலைத் திறப்பதும் இல்லை, சாத்துவதும் இல்லை.

அந்த வாயின் அளவு பெரும்பாலும் பிறவியில் வருவது. எண்ணெய் எவ்வளவு சுரக்கிறது, எத்தனை வருடம் வெயில் பட்டிருக்கிறது, வயதாக ஆகச் சருமத்தின் கொலாஜன் தளர்ந்து வாயின் விளிம்பு எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துகொள்ளும். கொஞ்சம் குறைத்துத் தெரியவைக்கலாம். இல்லாமல் ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. அந்த எண்ணெய் இல்லாவிட்டால் தோல் வெடித்துப்போகும்.

இதைப் புரிந்துகொள்ளத் திருப்பூர்க்காரர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. ஒரு பனியன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவுத் துணி மாதிரி குறுக்கு நெடுக்காக இழை ஓடியிருக்காது. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போயிருக்கும். வளையத்துக்கு வளையம் இடைவெளி. அந்த இடைவெளியால்தான் துணி இழுத்தால் நீள்கிறது, வியர்வை ஆறுகிறது. இடைவெளியே இல்லாத பனியன் வேண்டுமென்றால் ரெயின்கோட்டைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வளையத்தின் இடைவெளி வேறு, நூல் அறுந்து விழுந்த ஓட்டை வேறு. செக்கிங் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் தூக்கத்தில்கூடத் தெரியும். துணியில் தெரிந்த அந்த வித்தியாசம் முகத்துக்கு வரும்போது எப்படி மறந்துபோகிறது?

3

இங்கே ஒரு பக்கம் உடனே குறுக்கிடும். 'அதான் சொல்றோம்ல, எல்லாம் கம்பெனிக்காரன் பண்ற ஏமாத்து வேலை. மூஞ்சியக் கழுவிட்டுப் போய் வேலையப் பாரு.' இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முகத்தால் மதிப்பிடப்படாதவர்கள். அவர்களுடைய அறிவுரையில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. சருமத்தைக் கவனித்துக்கொள்வது பகட்டு என்றால், பல் துலக்குவதையும் தலைக்கு எண்ணெய் வைப்பதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பராமரிப்பு வேறு, இன்ஸ்பெக்ஷன் வேறு. பராமரிப்பு 'இதற்கு என்ன வேண்டும்?' என்று கேட்கும். இன்ஸ்பெக்ஷன் 'இதில் என்ன குறை?' என்று கேட்கும். இரண்டு கேள்விக்கும் சில சமயம் ஒரே கிரீம்தான் பதிலாக வரும். ஆனாலும் கேட்கிறவளின் மனசு இரண்டிலும் ஒன்றல்ல.

'காம்பினேஷன் ஸ்கின்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றி, மூக்கு, தாடை எண்ணெய் வழிய, கன்னம் காய்ந்து கிடப்பது. சருமத்தை வறண்டது, எண்ணெய்ப்பசை உள்ளது, இயல்பானது என்று வகை பிரித்து விற்கும் வழக்கத்தை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுப் பொருள் வியாபாரத்தில் பெரிய பெயரெடுத்த ஹெலினா ரூபின்ஸ்டைனோடு சேர்த்துச் சொல்வார்கள். இந்த வகைகள் எதிலும் அடங்காதவர்களுக்காக வந்ததுதான் 'கலவை'. உண்மையில் நெற்றியிலும் மூக்கிலும் சுரப்பிகள் அதிகம், கன்னத்தின் ஓரத்தில் குறைவு என்பது பெரும்பாலான முகங்களின் அமைப்பு. இயல்பாக இருப்பதற்கு ஒரு சிக்கலின் பெயர் வைத்திருக்கிறோம்.

பொங்கலூர் மாதிரி ஊரில் இந்தக் கலவை இன்னும் கூடித் தெரியும். மழை மறைவுப் பிரதேசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், கன்னம் காயும். கம்பெனிக்குள் அயர்ன் டேபிளின் ஆவி, பஞ்சுத்தூசி, மூக்கின் மேல் எண்ணெய். வீட்டுக்கு வந்து போர்வெல்லின் உப்புத் தண்ணியில் சோப்புப் போட்டுக் கழுவினால் நுரையும் வராது, சோப்பும் முழுசாகப் போகாது. கன்னம் இன்னும் இழுத்துப் பிடிக்கும். அவள் எரிச்சலில் இன்னொரு தடவை தேய்த்துக் கழுவுவாள். தோல் புண்ணாகும்.

இதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் ரொம்பச் சாதாரணமானது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மென்மையான ஃபேஸ்வாஷ். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு தடவை கட்டாயம். எண்ணெய் வழிகிற இடத்துக்கு மட்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள், 2 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் உள்ள பொருள். அது எண்ணெயில் கரைவதால் மயிர்க்காலுக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். கன்னத்துக்கு மாய்ஸ்சரைசர். நெற்றிக்கும் வேண்டும், ஆனால் ஜெல் மாதிரி லேசானது. பகலில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வெயில்தான் கொலாஜனைத் தின்று வாயை விரிய வைக்கிறது. இதற்கு மேல் ரெட்டினாய்டு வகை வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் கேட்டுத்தான், கர்ப்பமாக இருந்தால் கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு, பற்பசை மூன்றையும் சமையலறையிலும் குளியலறையிலும் விட்டுவிடலாம். மூக்கில் பிதுக்கினால் வருகிற வெள்ளை இழை அழுக்கு கிடையாது. எண்ணெய் வெளியே வருகிற வழியில் இயல்பாகத் திரண்டிருப்பது அது. பிதுக்கி எடுத்தாலும் சில வாரத்தில் திரும்ப வந்துவிடும், வடு மட்டும் மிஞ்சும்.

ஒரே முகத்துக்குள் இரண்டு தட்பவெப்பம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சட்டம் போட்டால் ஒன்று கெடும். எண்ணெயைத் துடைக்கப்போய்க் கன்னத்தைக் கிழிக்கிறோம், கன்னத்துக்குப் பூசப்போய் மூக்கை அடைக்கிறோம். இடத்துக்கு இடம் என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்பது பராமரிப்பு. முகம் முழுக்க ஒரே மாதிரி கண்ணாடியாக மின்ன வேண்டும் என்பது இன்ஸ்பெக்ஷன்.

4

இன்ஸ்பெக்ஷன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஊரில் ஓர் உதாரணம் உண்டு. அது விளையாட்டு விஷயம் அல்ல.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு டியூப் சொல்லுவார். மருந்துக்கடையில் பெயரைச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் முகம் தெளியும். சிவப்பு அமுங்கும், நிறம் வெளுக்கும், பரு அடங்கும். நாலு பேர் 'என்ன போடற?' என்று கேட்பார்கள். அதற்குள் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய் சிவப்பு நூலாகத் தெரியும், முகத்தில் முடி வளரும், வெயிலில் நின்றால் எரியும். பயந்து நிறுத்தினால் ஒரேயடியாகப் பரு பொங்கிவரும். அதனால் நிறுத்த முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு பெயர் வைக்க வேண்டி வந்தது: ஸ்டீராய்டு பூச்சால் சேதமான முகம். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தது. தெருமுனைக் கடைவரை அது வந்து சேர்ந்ததா என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கிரீம் முதலில் வேலை செய்தது. பொய்யான மருந்தாக இருந்திருந்தால் பத்து நாளில் தூக்கிப் போட்டிருப்பாள். இன்ஸ்பெக்ஷன் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைக் கொடுத்தது: குறை மறைந்தது. தோலுக்கு என்ன ஆகிறது என்பது அந்தக் கேள்வியிலேயே இல்லை.

1975இல் இந்தியாவுக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. நிறத்தை வெளிப்படையாகச் சொல்லி விற்கக் கூச்சம் வந்தது நல்லதுதான், அதற்காகப் பலர் போராடியிருக்கிறார்கள். அந்தக் கூச்சம் வந்தபின் பேச்சு பளபளப்புக்கும் வழவழப்புக்கும் நகர்ந்திருக்கிறது. 'நீ கறுப்பு' என்று சொன்னால் சண்டைக்கு வரலாம், அதற்கு நம்மிடம் அரசியல் இருக்கிறது. 'உனக்குத் துளை பெரிசு' என்று சொன்னால் எந்த அரசியலை வைத்துச் சண்டை போடுவது?

ஹெதர் விடோஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் 2018இல் 'பர்ஃபெக்ட் மீ' என்ற நூலில் வாதிட்டது இங்கே பொருந்தும். அழகு இன்றைக்கு ஓர் அறநெறி இலட்சியமாகவே மாறிவிட்டது என்கிறார் அவர். அதாவது, அழகாக இல்லாதது அதிர்ஷ்டக் குறைவாகத் தெரிவதில்லை, நம் தப்பாகத் தெரிகிறது. 'கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்ல' என்ற குரல். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றதும், உப்புத் தண்ணியும், அப்பாவிடமிருந்து வந்த சருமமும் அந்தக் குரலுக்குக் காரணங்களாகப் படுவதே இல்லை.

5

இனி தூரத்துக்கு வருகிறேன். என் வாதமே அதில்தான் இருக்கிறது.

துணிக்கு ஒரு பார்க்கும் தூரம் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் டேபிளில் விரித்துப் பார்ப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உலகத்தில் எந்தத் துணியும் பாஸாகாது. முகத்துக்கு அப்படி ஒரு தூரம் இருந்தது. குளத்துத் தண்ணீரிலும் ரசம்போன கண்ணாடியிலும் முகம் பார்த்த காலத்தில், நம் முகத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் எதிரே நின்று பேசியவர்கள்தான். அவர்கள் இரண்டு மூன்று அடி தள்ளி நின்றார்கள். இப்போது போன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளவும் முடிகிறது. 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. கேமரா பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த இடத்தில் நின்று யார் உங்களைப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதை 1726லேயே ஒருவர் எழுதிவிட்டார். ஜொனாதன் ஸ்விஃப்ட்டின் கலிவர், ராட்சதர்களின் நாட்டில் பெண்களின் தோலை நெருக்கத்தில் பார்த்து அருவருப்படைகிறான். உடனே அவனுக்கு ஒரு பழைய நினைவு. ஆறு அங்குல உயர மனிதர்களின் லில்லிபுட்டில் இருந்தபோது ஒரு நண்பன் அவனிடம், தரையிலிருந்து பார்த்தால் உன் முகம் அழகு, நீ என்னைக் கையில் தூக்கி அருகில் வைத்துக்கொண்டபோது அதிர்ந்துபோனேன், தோலெல்லாம் பெரிய பெரிய ஓட்டை என்கிற பொருளில் சொல்லியிருந்தான். நம் ஊர்ப் பெண்கள் அழகாகத் தெரிவது அவர்கள் நம் அளவில் இருப்பதால்தான், லென்ஸ் வைத்தால் அவர்கள் தோலும் இப்படித்தான் என்று கலிவர் முடிவுக்கு வருகிறான். லென்ஸுக்கு முன்னால் யாருமே அழகில்லை என்றால், லென்ஸின் தீர்ப்பு யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

நம் மரபிலும் நெருங்கிப் பார்த்தவர்கள் உண்டு. மணிமேகலை, காயசண்டிகையின் உருவில் இருக்கும்போது, தன்னைத் துரத்தும் உதயகுமரனுக்கு நரைத்த கிழவி ஒருத்தியைக் காட்டுகிறாள். கூந்தல் என்ன ஆனது, நெற்றி என்ன ஆனது, கண் என்ன ஆனது என்று அங்கம் அங்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். ஆசையை அறுப்பதற்கான பேச்சு. தன்னை உடலாக மட்டும் பார்க்கிற ஒருவனுக்கு, அந்தப் பார்வையையே திருப்பிக் கொடுக்கிறாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு எப்போதும் அந்தக் கிழவியின் நினைவுதான் வரும். உதாரணமாக நிறுத்தப்பட்டவள் அவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

துறவி உடலை நெருங்கிப் பார்த்து 'இவ்வளவு அசிங்கம், விட்டுவிடு' என்றார். வியாபாரி அதே தூரத்தில் நின்று 'இவ்வளவு அசிங்கம், வாங்கிக்கொள்' என்கிறார். நோக்கம் எதிரெதிர், லென்ஸ் ஒன்றே. அதனால்தான் 'உடம்பே பொய், இதுக்குப் போய் கிரீமா' என்ற உபதேசம் அந்தச் செக்கிங் பெண்ணுக்கு உதவாது. அதுவும் அவள் உடம்பைக் குறையாகப் பார்க்கவே சொல்லிக்கொடுக்கிறது.

6

சரி, மறைப்பது பொய்யா? மேக்கப்பில் சிலிக்கோன் கலந்த பிரைமர் என்று ஒன்று உண்டு. மயிர்க்காலின் பள்ளத்தை நிரவிவிட்டு, வெளிச்சத்தைச் சிதறடித்து, வழவழப்பாகக் காட்டும். போன் கேமராவின் பியூட்டி மோட் அதே வேலையைக் காசில்லாமல் செய்கிறது. ஜாதகத்தோடு வாட்ஸப்பில் போகிற போட்டோவில் அது இல்லாமல் இருப்பதே அபூர்வம். பெண் பார்க்க வந்துவிட்டுப் போனபின் தரகர் மூலமாக 'போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சுங்க' என்று தகவல் வரும்.

பொய் என்றால் ஒருவர் நம்ப வேண்டும். எல்லாப் படமும் வழிக்கப்பட்டவை என்று எல்லோருக்கும் தெரிந்த பின்னால் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? தனியாக எடுத்துப் பார்த்தால் அவள் செய்ததில் குற்றமே இல்லை. பொட்டு வைப்பது மாதிரி, பவுடர் போடுவது மாதிரி.

ஆனால் தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் நிற்கிற ஒருவர் சரியாகத் தெரியவில்லை என்று எக்கி நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது, அவரும் எக்குகிறார். கடைசியில் கூட்டமே குதிகாலைத் தூக்கி நிற்கிறது. யாருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரியவில்லை, எல்லோருக்கும் கால் வலிக்கிறது. எக்க முடியாத குழந்தைக்கும் கிழவிக்கும் தேரே தெரிவதில்லை. இதில் எந்த ஒருவரைப் பிடித்து 'நீதான் தப்பு' என்று சொல்வீர்கள்?

முகத்தை வழிக்கும் பழக்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. சேதம் படத்தை அனுப்பியவருக்கோ பார்த்தவருக்கோ இல்லை. வழிக்காமல் அனுப்பிய மூன்றாம் ஆளுக்கு. அவளுடைய சாதாரண முகம் ஒரே இரவில் குறையுள்ள முகமாகிவிடுகிறது. மணிமேகலை காட்டிய கிழவி மாதிரி, பேச்சில் இல்லாத ஒருத்தி விலை கொடுக்கிறாள்.

அப்படியானால் முதலில் குதிகாலைக் கீழே வைக்க வேண்டியவர் யார்? அந்த 22 வயதுப் பெண்ணிடம் 'நீ பியூட்டி மோடை அணைத்துவிட்டு ஜாதகம் அனுப்பு, சமூகம் திருந்தும்' என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. கூட்டத்திலேயே குள்ளமானவரைப் பார்த்து 'நீங்க மொதல்ல உக்காருங்க' என்பது போல அது. இழப்பு குறைவாக உள்ளவர்கள்தான் முதலில் இறங்க வேண்டும். படத்தை வைத்துக் காசு பார்க்கிறவர்கள், விளம்பரம் எடுக்கிறவர்கள், லட்சம் பேர் பின்தொடர்கிறவர்கள். நார்வே 2021இல் இதற்குச் சட்டமே இயற்றியது, 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ அளவையோ சருமத்தையோ திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பதிவு போடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். ஒரு குறிப்பு போட்டுவிட்டால் ஏக்கம் போய்விடாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சட்டம் பொறுப்பைச் சரியான வாசலில் கொண்டுபோய் வைத்தது. பார்க்கிற பெண்ணிடம் 'நீ பொருட்படுத்தாதே' என்று சொல்லவில்லை, காட்டுகிறவரிடம் 'நீ சொல்லிவிட்டுக் காட்டு' என்றது.

7

கம்பெனிக்காரர்களிடமும் சட்டத்திடமும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. லென்ஸை எப்போதும் போன்தான் பிடிக்கிறது என்றில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஓர் அத்தை பிடிப்பார். 'ஏங்கண்ணு, மூஞ்சியெல்லாம் என்ன இப்படிக் குழி குழியா ஆயிப்போச்சு? நல்லாத்தான இருந்த?' அன்பாகத்தான் கேட்பார். இவளும் சிரித்துக்கொண்டே 'வேலைங்கத்த, தூசி' என்பாள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். பையன்களுக்கும் இது உண்டு. பருவடு உள்ள ஒருவனுக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர், அவன் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வயதிலும் கூடவே வரும்.

பிரெஞ்சுத் தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸ், ஒருவரைச் சந்திப்பதற்கு மிகச் சிறந்த வழி அவருடைய கண்ணின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் சந்திப்பதுதான் என்று ஒரு நேர்காணலில் சொல்கிறார். முதலில் கேட்கும்போது விநோதமாக இருக்கும். கண்ணைக்கூடப் பார்க்காமல் எப்படி? யோசித்தால் புரியும். கண்ணின் நிறத்தைக் கவனிக்க ஆரம்பித்த நொடியில் எதிரே இருப்பவர் ஒரு பொருளாகிவிடுகிறார். பேசிக்கொண்டிருக்கும்போது யாரும் எதிராளியின் மயிர்க்காலை எண்ணுவதில்லை. எண்ண ஆரம்பித்தால் பேச்சு காதில் விழாது.

தலைப்பில் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஒருவர் சாதாரணக் குரலில் பேசுவது காதில் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டிய தூரம். அதற்கு வெளியே போனால் முகம் தெரியாது. அதற்கு உள்ளே போக உரிமை உள்ளவர்கள் மிகக் கொஞ்சம் பேர்: பால் குடிக்கும் குழந்தை, காதலிப்பவர், தோல் மருத்துவர். முதல் இரண்டு பேரும் அவ்வளவு அருகில் இருக்கும்போது குறை தேடுவதில்லை. மூன்றாமவர் தேடுவது, வலியைக் குறைப்பதற்காக.

அந்தப் பெண் மாய்ஸ்சரைசர் வாங்கட்டும், சன்ஸ்கிரீன் போடட்டும், கல்யாணத்துக்குப் பிரைமரும் போட்டுக்கொள்ளட்டும். அவளுடைய முகம், அவளுடைய காசு. நாம் செய்ய வேண்டியது வேறு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து இருப்பவளிடம் 'வேலையெல்லாம் எப்படிப் போகுது கண்ணு, ஓவர்டைம் குடுக்கறாங்களா?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்பது. அவள் சொல்லி முடிக்கும்வரை நம் கண்ணுக்கு மூக்கின் மேல் எந்த வேலையும் இருக்காது.